வலியைச் சொல்லவும் துணிவு வேண்டும்

ராணுவ அடிப்படைப் பயிற்சி என்பது, நேற்றுவரை வீட்டுப் பிள்ளையாக இருந்த ஒருவரைச் சில மாதங்களுக்குள் ஆயுதம் ஏந்தும் படைவீரராக ஆக்கும் ஏற்பாடு. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்கீழ், இந்தியத் தரைப்படையில் சேர்பவருக்கு இது 31 வாரப் பயிற்சி. முதல் 10 வாரங்கள் எல்லோருக்கும் பொதுவானவை. அடுத்த 21 வாரங்கள் அவரவர் பிரிவுக்கு உரியவை. தமிழ்நாட்டு இளைஞர்களில் ஒரு பகுதியினர் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்குச் செல்கிறார்கள். மற்றவர்கள் பெங்களூருவில் ‘தம்பிகள்’ என்றே அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம், நாசிக், ஹைதராபாத் பீரங்கிப் படை மையங்கள், ஜபல்பூர் சிக்னல்ஸ் மையம் எனப் பல ஊர்களுக்குப் பிரிகிறார்கள்.

முதல் 10 வாரங்களில் திணறுபவரைப் பார்த்து, ‘உடம்பில் தெம்பில்லை, மனசில் உறுதியில்லை’ என்று ஊர் எளிதாகச் சொல்லிவிடுகிறது. ஆனால், தேர்வுக் களத்தில் முதல் ஆளாக ஓடி வந்தவரும் பயிற்சி மையத்தில் கால் எலும்பில் விரிசலோடு படுக்க நேர்கிறது. நடுத்தரமாக ஓடியவர், சின்னச் சின்ன ஒழுங்குகளைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடுகிறார். உடலும் மனமும் எந்த வேகத்தில் பழகும் என்பதைப் பயிற்சி பெறுபவர், பயிற்சி அளிப்பவர், குடும்பத்தார் என மூன்று தரப்பும் புரிந்துகொண்டால், தவிர்க்கக்கூடிய துன்பங்கள் பெருமளவு குறையும்.

ஊரிலேயே தொடங்கும் தயாரிப்பு

ஆள்சேர்ப்பு முகாமின் உடல்திறன் தேர்வு சில நிமிடங்களில் முடிந்துவிடும். 1.6 கி.மீ. தூரத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடி முடித்தால் முழு மதிப்பெண். கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பதிலும் முழு மதிப்பெண் பெற 10 முறை இழுக்க வேண்டும். 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். வளைந்து செல்லும் கட்டையின் மேல் தடுமாறாமல் நடக்க வேண்டும். மாவட்டந்தோறும் விளையாட்டுத் திடல்களில் விடியற்காலையில் ஓடும் இளைஞர்கள் இதற்காகவே தயாராகிறார்கள். பயிற்சி மையம் கேட்பதோ வேறு விதமான உடல். அங்கே நாள் முழுக்க பூட்ஸ் காலோடு நிற்க வேண்டும். கெட்டியான தரையில் குதிகாலை ஓங்கி ஊன்றி அணிவகுக்க வேண்டும். முதுகில் சுமையும் கையில் துப்பாக்கியுமாக நெடுந்தூரம் ஓட வேண்டும். மறுநாளும் இதே வேலை காத்திருக்கும்.

தேர்வு முடிந்து அழைப்பு வருவதற்குள் ஓட்டத்தை நிறுத்திவிடுபவர்கள் பலர். பிறகு எழுப்பு மணி ஒலிக்கும் முதல் நாளில் திடீரென உடலைக் கசக்க வேண்டியிருக்கும். இந்த இடைவெளியை வீணாக்காமல், குறைந்தது இரண்டு மாதங்கள் நடையையும் மெதுவான நீண்ட ஓட்டத்தையும் தொடர்வது நல்லது. தூரத்தை வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். முதுகுப்பையில் கொஞ்சம் எடை வைத்து நடக்கலாம். கெட்டித் தோல் காலணியை அணிந்து பழகலாம். இரவு சீக்கிரம் படுத்து அதிகாலையில் எழுவதை வீட்டிலேயே வழக்கமாக்கிக்கொண்டால், முகாமின் முதல் அதிர்ச்சிகளில் ஒன்று விலகிவிடும். புகையிலைப் பழக்கம் இருந்தால், அதை விடுவதற்கான நேரமும் இதுதான். புகைப்பவர்களின் எலும்பு மெதுவாகவே ஆறும்.

மொழியும் தயாரிப்பின் பகுதிதான். கட்டளைகள் இந்தியில் வரும். ‘சாவ்தான்’ என்றால் விறைப்பாக நிற்க வேண்டும். ‘விஷ்ராம்’ என்றால் தளர்ந்து நிற்கலாம். ‘தாஹினே முட்’ வலப்பக்கம் திரும்பவும், ‘பீச்சே முட்’ பின்பக்கம் திரும்பவும், ‘தேஸ் சல்’ வேகநடை போடவும் சொல்கின்றன. சொல் புரியாமல் அரை விநாடி தாமதிப்பவர் வரிசையில் தனித்துத் தெரிகிறார், திட்டும் வாங்குகிறார். உடல் தயாராக இருந்தும் மொழி தெரியாததால் ‘மந்தமானவர்’ என்று பெயரெடுக்கும் கிராமத்து இளைஞருக்கு இது பெரும் மனச்சுமை. புறப்படுமுன் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரிடம் அமர்ந்து நூறு சொற்களைக் கற்றுக்கொண்டால் இந்தச் சுமை பாதியாகும். ஒவ்வொரு மாவட்டத்திலும் இயங்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இதை ஒரு சிறு வகுப்பாகவே நடத்தலாம். பெரிய செலவு எதுவும் ஆகாது.

முதல் வாரத்தின் அதிர்ச்சி

முடி ஒட்ட வெட்டப்படுகிறது. சீருடை, பூட்ஸ், தட்டு, குவளை, போர்வை எல்லாம் ஒரே மாதிரி வழங்கப்படுகின்றன. கைப்பேசி கையைவிட்டுப் போகிறது. பேரக் எனப்படும் நீண்ட தங்குமிடத்தில் முன்பின் தெரியாத பலருக்கு நடுவே கட்டில். எழுவது, குளிப்பது, உண்பது, உறங்குவது எல்லாம் விசிலுக்குக் கட்டுப்பட்டவை. லங்கர் எனப்படும் உணவுக்கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட நேரம் இருக்காது. சோற்றுக்குப் பழகிய வயிற்றுக்குச் சப்பாத்தியும் பருப்பும் புதிது. ‘உஸ்தாத்’ என்று அழைக்கப்படும் பயிற்றுநர், படுக்கை விரிப்பின் ஒரு சுருக்கத்துக்காகவும் குரல் உயர்த்துவார்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. களத்தில் துப்பாக்கியைத் துடைக்காமல் விட்டாலோ, தண்ணீர்க் குடுவையை நிரப்ப மறந்தாலோ அதன் விலை பக்கத்தில் இருப்பவரின் உயிராக இருக்கலாம். சோர்விலும் இருட்டிலும் அவசரத்திலும் சிறு வேலைகளைத் தவறாமல் செய்யும் பழக்கம் படுக்கை மடிப்பதிலிருந்து தொடங்குகிறது. சத்தத்துக்கு நடுவே கட்டளையை மட்டும் பிரித்துக் கேட்கும் திறனும் அப்படியே வளர்கிறது. இந்தக் காரணம் தெரிந்தவர், உஸ்தாத்தின் கோபத்தைத் தன்மீதான வெறுப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேலையின் ஒரு பகுதியாகப் பார்க்கிறார். பயிற்றுநர்கள் இந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்வதும் நல்லது. ஏன் என்று தெரிந்து செய்யும் வேலை மனதில் தங்கும்.

பாதம், எலும்பு, தூக்கம்

பயிற்சியில் முதலில் அடிபடுவது பாதம். வியர்வை ஈரமும் உராய்வும் சேர்ந்தால் கொப்புளம். ஈரமான காலுறையை உடனே மாற்றுவது, இரவில் பாதத்தைக் கழுவி விரலிடுக்குவரை துடைத்து உலர்த்துவது, நகத்தை நேராக வெட்டுவது, கொப்புளத்தின் மேல்தோலை உரிக்காமல் மூடிவைப்பது ஆகியவை மிக எளிய வேலைகள். இவற்றை நாள்தோறும் செய்பவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வேறுபாடு மூன்றாம் வாரத்தில் நடையிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது எலும்பு. தசையும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. எலும்பு அவ்வளவு வேகமாகப் பழகுவதில்லை. புதிய பளு விழும்போது உடல் முதலில் பழைய எலும்புத் திசுவைக் கரைக்கிறது; அந்த இடத்தில் புதியதைக் கட்டி முடிக்கப் பல வாரங்கள் ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பிருந்ததைவிடச் சற்றே பலவீனமாக இருக்கும். சரியாக அந்த வாரங்களில்தான் இளைஞர் தெம்பாக உணர்ந்து கூடுதலாக ஓடுகிறார். கணுக்காலுக்கு மேலே முன்காலெலும்பில் ஒரே புள்ளியில் வலி, ஓடினால் கூடுவது, ஓய்வில் குறைவது, ஒற்றைக் காலில் குதித்தால் சுரீரென்று தைப்பது ஆகியவை நுண்விரிசலின் அறிகுறிகள். இந்த நிலையில் சில வார ஓய்வு போதும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் விரிசல் முழு முறிவாகலாம்.

இஸ்ரேல் ராணுவ மருத்துவர்கள் இந்தக் காயத்தைக் குறைக்க 25 ஆண்டுகள் முயன்று, அந்த அனுபவத்தை 2008இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அவர்களுக்குப் பலன் தந்தவை இரண்டு: மொத்த நடைதூரத்தைக் குறைத்தது, இரவில் குறைந்தது 6 மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கியது. நுண்விரிசல்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. தூக்கத்தைச் சொகுசாகக் கருதும் வழக்கத்தைப் படைகள் கைவிட இந்த ஒரு சான்றே போதுமானது. விளக்கணைத்த பிறகு பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவதும் தண்டனையாக நள்ளிரவில் எழுப்பப்படுவதும் மறுநாள் எலும்பில் போய் முடிகின்றன.

வெயிலும் குளிரும்

வெலிங்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. ராமநாதபுரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வரும் இளைஞருக்கு முதல் சில நாட்களில் மேட்டுப்பாதையில் மூச்சு வாங்குவது இயல்பு. குளிரில் தாகம் தெரியாது. ஆனால், வியர்வையும் மூச்சும் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டேதான் இருக்கும். நேரம் பார்த்து நீர் குடிப்பதே அங்கே பாதுகாப்பு.

சமவெளி மையங்களில் ஆபத்து வெயிலாக வரும். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரங்கள் ஆகும். அதன் பிறகு வியர்வை சீக்கிரம் தொடங்கும். அதில் வெளியேறும் உப்பும் குறையும். அதுவரை உழைப்பைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். ஓடிக்கொண்டிருப்பவர் தள்ளாடினால், உளறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது வெப்பத் தாக்கு. முதலில் குளிர்ந்த நீரால் உடலைக் குளிர்விக்க வேண்டும். பிறகுதான் மருத்துவமனைக்கு வண்டி. உப்பில்லாத வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து உயிருக்கு ஆபத்தாகும். கடுமையான தண்டால், பஸ்கிக்குப் பிறகு சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க மரைன் படையின் பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில் 1950களில் வெப்பத் தாக்கு பெரும் தலைவலியாக இருந்தது. காற்றின் வெப்பம், ஈரப்பதம், வெயிலின் கடுமை ஆகியவற்றைச் சேர்த்து அளக்கும் குறியீடு ஒன்றை ஆய்வாளர்கள் யாக்லூவும் மினார்டும் அங்கே உருவாக்கினார்கள். குறியீடு எல்லை தாண்டினால் பயிற்சியைக் குறைப்பது என்ற விதி வந்ததும் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. இன்று விளையாட்டு வீரர்களுக்கும் வெயிலில் உழைக்கும் தொழிலாளர்களுக்கும் உலகெங்கும் பயன்படுவது அந்தக் குறியீடுதான்.

மனம் பழகும் வழி

முதல் இரண்டு வாரங்களில் வீட்டு ஏக்கம் எல்லோரையும் பிடிக்கிறது. போர்வைக்குள் அழுபவர், தான் ஒருவர்தான் அழுகிறோம் என்று நினைக்கிறார். பக்கத்துக் கட்டிலிலும் அதே நிலைதான் என்று தெரியவரும்போது பாதி பாரம் இறங்குகிறது. இதனால்தான் இருவர் இருவராக இணைக்கும் ‘படி’ (buddy) எனப்படும் தோழர் முறை படைகளில் போற்றப்படுகிறது. ஒருவரின் தண்ணீர்க் குடுவை, பாதம், முகவாட்டம் மூன்றையும் மற்றவர் கவனித்துக்கொள்வது இந்தக் கூட்டின் வேலை. இரண்டாம் உலகப் போர் காலத்து அமெரிக்க வீரர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் சாமுவேல் ஸ்டவுஃபரின் குழு, பெரிய முழக்கங்களைவிடப் பக்கத்தில் நிற்கும் தோழர்மீதான கடப்பாடு வீரர்களைத் தாங்கி நிறுத்தியதைக் கண்டறிந்தது.

31 வாரங்களையும் மொத்தமாக நினைத்தால் மனம் மலைக்கும். காலைச் சாப்பாடு வரை, பிறகு மதியம் வரை, பிறகு ரோல்கால் எனப்படும் ஆள்கணக்கெடுப்பு வரை என்று நாளைத் துண்டு போட்டுக்கொள்பவருக்கு ஒவ்வொரு துண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பதற்றத்தில் மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது இதயத் துடிப்பைத் தணிக்கும். துப்பாக்கி சுடும் பயிற்சியில் இந்தப் பழக்கம் நேரடியாகவே கைகொடுக்கும். கயிறு ஏறுவதற்குமுன் கை, கால் எங்கே போகும் என்று மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் உதவும். இன்று செய்த தவறை நாளைக்கு எடுத்துச் செல்லாமல் இருப்பது எல்லாவற்றிலும் பெரிய உதவி.

தூக்கமின்மை நாள்கணக்கில் நீண்டாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தாலோ, அது வீட்டு ஏக்கத்தைத் தாண்டிவிட்டது. அப்போது தோழரிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். தாய்மொழியில் மனம்விட்டுப் பேச ஓர் ஆலோசகர் ஒவ்வொரு மையத்திலும் இருப்பது அவசியம். இந்தியில் கட்டளையைப் புரிந்துகொள்ளக் கற்றவருக்கும் துயரத்தைச் சொல்லத் தமிழ்தான் வேண்டும்.

கண்டிப்புக்கும் கொடுமைக்கும் நடுவே

தவறுக்குத் தண்டனையாகக் கூடுதல் உடற்பயிற்சி தருவதைப் படை வழக்கில் ‘ரகடா’ என்பார்கள். அளவோடு இருக்கும்வரை அது உடலையும் கவனத்தையும் கூர்மையாக்கலாம். அளவை யார் தீர்மானிக்கிறார், யார் மேற்பார்க்கிறார் என்பதில்தான் சிக்கல். 1956 ஏப்ரல் 8 இரவு, அதே பாரிஸ் ஐலண்ட் முகாமில் பயிற்றுநர் ஒருவர் ஒழுங்கைக் கற்பிப்பதாகச் சொல்லித் தன் அணியை ரிப்பன் கிரீக் என்ற ஓடைக்குள் இறக்கினார். 6 பேர் மூழ்கி இறந்தார்கள். பயிற்றுநர் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். பயிற்சி முறையும் மேற்பார்வையும் மாற்றி அமைக்கப்பட்டன. பிரிட்டனில் டீப்கட் முகாமில் 1995 முதல் 2002 வரை 4 இளம் பயிற்சி வீரர்கள் துப்பாக்கிக் குண்டால் இறந்ததைத் தொடர்ந்து நீண்ட விசாரணைகள் நடந்தன. 2008இல் படையினரின் குறைகளைக் கவனிக்கத் தனி ஆணையர் பொறுப்பேற்றார். இரு நாடுகளின் படைகளும் இதனால் வலுவிழந்துவிடவில்லை. பயிற்றுநரின் அதிகாரத்துக்கு எழுத்தில் எல்லை வகுப்பது பயிற்சியைக் காக்கும் செயல்.

‘ரெலிகேஷன்’ என்னும் அச்சம்

காயத்தாலோ நோயாலோ பல நாட்கள் பயிற்சியைத் தவறவிடுபவர் அடுத்த அணிக்குத் தள்ளப்படுவார். ‘ரெலிகேஷன்’ எனப்படும் இதுதான் பயிற்சி வீரர்களின் பெரிய பயம். கூட இருந்தவர்கள் முன்னே போய்விடுவார்கள். ஊரில் ‘ஃபெயில் ஆகிவிட்டான்’ என்பார்கள். நான்கு ஆண்டுப் பணியின் முடிவில் அதிகபட்சம் 25 சதவீதத்தினருக்கே நிரந்தரப் பணி என்ற அக்னிபத் விதி இந்தப் பயத்தை இன்னும் கூட்டுகிறது. மருத்துவக் குறிப்பில் ஒரு வரி ஏறினால்கூட வாய்ப்பு போய்விடுமோ என்று எண்ணி, வலியை மறைத்து ஓடுகிறார்கள். இரண்டு வார ஓய்வில் ஆறியிருக்க வேண்டிய கால், இப்படித்தான் வாழ்நாள் ஊனமாகிறது.

காயத்தை முதல் நாளே சொன்னவரைக் கோழை என்று பார்க்கும் பார்வை மாற வேண்டும். துப்பாக்கியில் கோளாறு இருந்தால் உடனே சொல்லப் பழக்கும் படை, உடலில் கோளாறு இருந்தாலும் அப்படியே சொல்லப் பழக்கலாம். பின்தள்ளப்படுபவரைத் தனி மீட்புப் பிரிவில் வைத்து, உடலின் மற்றப் பகுதிகளுக்குப் பயிற்சியும் வகுப்புப் பாடங்களும் தொடர்ந்து அளித்தால் அவர் மனதளவில் அணியைவிட்டு விலகமாட்டார். பயிற்சிக் காலக் காயம், நிரந்தரப் பணிக்கான மதிப்பீட்டில் பாதகமாகாது என்று எழுத்தில் உறுதியளிப்பதும் தேவை.

பயிற்சியிலேயே உடல் முடங்கிப்போனவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. ராணுவக் கழகங்களில் பயிற்சியின்போது ஊனமுற்று வெளியேற்றப்பட்ட அதிகாரிப் பயிற்சியாளர்கள் குறித்து 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. 1985 முதல் சுமார் 500 பேர் இப்படி வெளியேறியிருப்பதும், முன்னாள் படைவீரர் என்ற தகுதி அவர்களுக்கு இல்லாததும் அப்போது பொதுவெளிக்கு வந்தன. அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீரர்களுக்கு, பணியால் ஏற்பட்ட ஊனத்தின் அளவைப் பொறுத்து 15, 25 அல்லது 44 லட்சம் ரூபாய் ஒருமுறைக் கருணைத்தொகை உண்டு. ஆனால், 19 வயதில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட ஒருவருக்கு வாழ்நாள் மருத்துவமும் மாத வருமானமும் வேண்டும். சீருடை அணிந்த முதல் நாளிலிருந்தே அரசின் பொறுப்பு தொடங்குகிறது என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பெண்களின் பயிற்சி

ராணுவக் காவல் பிரிவில் வீரர் நிலையில் சேர்க்கப்பட்ட முதல் பெண்கள் அணியின் 83 பேர் 2021 மே மாதம் பெங்களூருவில் பயிற்சியை நிறைவு செய்தார்கள். ஒரே பயிற்சியில் ஆண்களைவிடப் பெண்களுக்கு எலும்பு நுண்விரிசல் கூடுதலாக வருவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. உயரம் குறைந்தவர், நெடிய ஆண்களின் எட்டுக்கு ஈடுகொடுத்து நடக்கும்போது இடுப்பெலும்பில் விரிசல் விழுகிறது. ஆஸ்திரேலியப் படை நடை வேகத்தைக் குறைத்து, அவரவர் எட்டில் நடக்க அனுமதித்தபோது இந்தக் காயம் வெகுவாகக் குறைந்தது. இந்தியப் பெண்களிடம் ரத்தசோகை பரவலாக இருப்பதால், சேருமுன்பே இரும்புச்சத்தைச் சோதித்துச் சரிசெய்துகொள்வதும் முக்கியம்.

வீட்டாரின் பங்கு

வாரக்கணக்கில் காத்திருந்து கிடைக்கும் சில நிமிடத் தொலைபேசிப் பேச்சு பயிற்சி வீரருக்குப் பெரிய ஊட்டம். அந்த நேரத்தில் கடன், வழக்கு, குடும்பச் சண்டை ஆகியவற்றைக் கொட்டினால் அவர் அடுத்த பல நாட்கள் அதையே சுமந்து ஓடுவார். ‘எப்படியாவது தாங்கிக்கோ, ஊரில் தலைகாட்ட முடியாது’ என்ற சொல் வலியை மறைக்கச் சொல்லும் கட்டளையாகவே அவர் காதில் விழும். ‘கால் எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, டாக்டரைப் பார்த்தாயா’ என்று கேட்பது போதும். அடுத்த அணிக்குத் தள்ளப்பட்டாலும் வீடு அவரை அதே அன்போடு வைத்துக்கொள்ளும் என்ற உறுதியைக் குடும்பம் மட்டுமே தர முடியும்.

பயிற்சியின் நிறைவில் கசம் பரேடு நடக்கும். தேசியக் கொடியின் முன் நின்று, தரை, கடல், வான் என எவ்வழியில் அனுப்பினாலும் செல்வதாகவும், உயிரே போகும் நிலையிலும் கடமையைக் கைவிடுவதில்லை என்றும் ஒவ்வொருவரும் உறுதி ஏற்கிறார்கள். பெற்றோர் அதைப் பார்க்க வருகிறார்கள். அந்த வரிசையில் நிற்கும் இளைஞர், நாடு கேட்டால் தன் உடலைத் தரச் சம்மதித்தவர். நாடு கேட்பதற்கு முன்பே, பயிற்சித் திடலிலேயே அந்த உடல் வீணாகிவிடாமல் காப்பது அவரைச் சேர்த்துக்கொண்ட அமைப்பின் முதல் கடமை.